இடது முன்கையில் நெரிசல்

காலை ஆறரைக்குக் குளியலறைக் கண்ணாடி வழக்கம்போல் ஓட்ட அறிக்கை வாசித்தது.

"சௌந்தரவல்லி, வயது நாற்பத்தெட்டு. பெருந்தமனி சீர். நுரையீரல் சுற்று சீர். வலது கெண்டைக்கால் சிரையில் அரை நிமிடத் தாமதம், சரிசெய்யப்பட்டது. தணிகாசலம், வயது ஐம்பத்திரண்டு. எல்லாப் பெருவழிகளும் சீர். மோவாயில் இரண்டு நிமிடத் தாமதம். காரணம் தெரியவில்லை."

வல்லி வாயில் நுரையோடு கணவரின் மோவாயைத் திரும்பிப் பார்த்தாள். சவரம் செய்யும்போது கீறிக்கொண்டிருக்கிறார். கடுகளவு கீறல். இதற்குப் போய் இரண்டு நிமிடமா என்று நினைத்தாள், பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு மறந்தும் போனாள். மறந்திருக்கக் கூடாது. ஆனால் அது அவளுக்கு அப்போது எப்படித் தெரியும்?

தன் இரத்தம் எந்தத் தெருவில் எத்தனை நிமிடம் தாமதமாகப் போகிறது என்று பல் துலக்கியபடி கேட்டுக்கொள்வது கருங்குடியில் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்தான். நிலவின் தரைக்கு அடியில், பழைய எரிமலைக் குழம்பு குடைந்துவிட்டுப் போன குகைக்குள் இருக்கிறது அந்தக் குடியிருப்பு. நாலாயிரத்து இருபது பேர். பூமியில் பிறந்த உடம்புக்கு நிலவு ஒத்துவராது. இங்கே எடை ஆறில் ஒரு பங்கு. காலிலிருந்து இரத்தத்தை மேலே ஏற்ற மல்லுக்கட்டிப் பழகிய இதயம், இங்கே வேலை குறைந்ததும் சோம்பிவிடுகிறது. இரத்தம் பின்னோக்கி வழியாமல் சிரைகளுக்குள் காவல் நிற்கும் சின்னஞ்சிறு கதவுகள் தளர்ந்துபோகின்றன. தமனிகளின் கெட்டிச் சுவரும் பயிற்சியில்லாமல் நெகிழ்ச்சியை இழக்கிறது.

அதனால்தான் ஒவ்வொருவர் இரத்தத்திலும் ஆறு கோடி நாளோடிகளை விட்டிருந்தார்கள். சிவப்பணுவைவிடச் சிறிய எந்திரங்கள். அவை இரத்தக்குழாய்ச் சுவரைப் பிடித்துவிடும், கொழுப்பு படிந்தால் சுரண்டும், கதவு தளர்ந்த இடத்தில் முட்டுக்கொடுக்கும். ஆறு கோடி என்றால் மலைக்க வேண்டாம். அத்தனையையும் திரட்டினால் ஒரு மிளகின் பாதிதான் தேறும். அந்தப் பாதி மிளகு ஓரிடத்தில் திரளாமல் உடம்பெங்கும் பரவியோடுவதில்தான் உயிர் இருக்கிறது.

நாளோடிக்கு ஓடக் கற்றுக்கொடுத்தது வல்லி. குருதிப்போக்கு நிலையத்தின் தலைமைப் பொறியாளர் அவள்தான், அதைச் சொல்லிக்கொள்ள அவள் கூச்சப்பட்டதும் இல்லை. பூமியிலிருந்து வந்த கணக்குமுறைகள் எல்லாம் பெருந்தமனியில் ராஜநடை போட்டன. தந்துகிக்குள் நுழைந்ததும் முட்டிக்கொண்டு நின்றன. தந்துகி என்பது தமனியும் சிரையும் கைகோக்கும் சந்து. சிவப்பணுகூட உடம்பை ஒடுக்கிக்கொண்டு ஒற்றை வரிசையில்தான் போக முடியும். மூன்று ஆண்டுகள் நிபுணர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஒரு நாள் வல்லி தன் அறை வாசலில் நின்று நடைகுழாயைப் பார்த்தாள். கருங்குடியின் தெருக்கள் எல்லாமே குழாய்கள்தாம். இரண்டு பேர் தோள் உரசாமல் போக முடியாத அகலம். வேலை விடும் நேரத்தில் நாலாயிரம் பேரும் அதற்குள்தான் போய்வருகிறார்கள். ஒருவரும் இடித்துக்கொள்வதில்லை.

அன்றே முடிவு செய்துவிட்டாள். எல்லாருடைய செருப்பிலும் இருந்த நடைப்பதிவைத் திரட்டி நாளோடிகளுக்குப் புகட்டினாள். மனிதர்கள் குழாயில் நடப்பதுபோல் எந்திரங்கள் குழாயில் ஓடின. அத்தனை நேர்த்தி. பூமியிலிருந்துகூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஏழு பேரின் பதிவை மட்டும் பழுது என்று நீக்கியிருந்தாள். மூன்று தவழும் குழந்தைகள், கால் முறிந்த இருவர், ஒரு குடிகாரர், தணிகாசலம்.

ஆமாம், அவள் கணவர்தான். அந்த மனிதர் நடப்பதை நடை என்று சொல்ல முடியாது. பத்தடி போவார், யாராவது சுமை தூக்கிக்கொண்டு வந்தால் நின்று ஒரு கை கொடுப்பார். இன்னும் பத்தடி போவார், எவர் வீட்டுக் கதவோ சிக்கிக்கொண்டிருக்கும், உட்கார்ந்து நெம்புவார். நாலு நிமிட வழிக்கு நாற்பது நிமிடம். அந்தப் பதிவைச் சேர்த்தால் சராசரி வேகம் விழுகிறது என்று உதவிப் பொறியாளர் ஜெசிந்தா தயங்கித் தயங்கிச் சொன்னபோது, வல்லியே தன் கையால் அதை அழித்தாள். வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லவும் செய்தாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துவிட்டுக் குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்டார்.

மூன்று வாரங்களுக்கு முன்புதான் நாளோடிகளின் புது வகை வந்தது. பழையவை குருடு, சுவரைத் தடவித் தடவியே போகும். புதியவற்றுக்குக் கண் உண்டு. கண் இருந்தால் பார்க்கவும் கற்றுக்கொடுக்க வேண்டுமே. நாலாயிரம் பேரும் அணிந்திருந்த கண்வில்லைகளின் பதிவையும் வல்லி சேர்த்துப் புகட்டினாள். எதைப் பார்த்தால் மனிதக் கால் நிற்கிறது, எதைப் பார்த்தால் விலகுகிறது என்பதையெல்லாம் அவை மூன்றே நாளில் கற்றுக்கொண்டன.

அன்று காலை கணவனும் மனைவியும் சேர்ந்தேதான் கிளம்பினார்கள். அவர் பயிர்க்கூடத்தில் நீரேற்றி பழுதுபார்ப்பவர். இரண்டாம் வளைவில், குழாய் சற்று அகலும் இடத்தில், கூட்டம். எட்டிப் பார்த்தால், இரண்டு தண்ணீர் வண்டிகள் மோதிக் கிடந்தன. நிலவில் எடைதான் குறைவு, மோதலின் வேகம் குறையாது. ஒரு வண்டி கவிழ்ந்து அதை ஓட்டிவந்த பெண்ணின் காலை அழுத்திக்கொண்டிருந்தது. பூமியில் என்றால் அந்த வண்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். இங்கே ஒருவர் போதும். நாற்பது பேர் சுற்றி நின்றார்கள், எல்லாருடைய கண்வில்லையிலும் பதிவுப்பொட்டு மின்னியது, அந்த ஒருவரைத்தான் காணோம்.

வல்லியும் நின்றாள். பொய் சொல்வானேன், நன்றாகவே பார்த்தாள். அடடா, பாவமே என்று உண்மையாகவே மனம் கலங்கினாள். பின்னால் இருந்தவருக்கு மறைக்காமல் கொஞ்சம் ஒதுங்கிக்கூட நின்றாள். அதற்குள் தணிகாசலம் கூட்டத்துக்குள் புகுந்து வண்டிக்கு அடியில் கையைக் கொடுத்துவிட்டார்.

அப்போது குழாயின் பின்பக்கம் நீல விளக்கு சுழன்றது. காவலர் ரவூஃப். அவர் மென்மையான மனிதர், ஒருவரையும் அதட்டமாட்டார். "நேர்ல பார்த்தவங்க யாரு? பேரைக் குடுங்க," என்றுதான் கேட்டார்.

நேரில் பார்த்தவர் என்று பேர் கொடுத்தால் காவல் அறைக்கு மூன்று தடவை போக வேண்டும். சொன்னதையே மூன்று தடவை சொல்லி மூன்று தடவை கையெழுத்திட வேண்டும். கருங்குடியில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். ஒருவர் மணி பார்த்தார். ஒருவருக்குத் திடீரென்று அடுப்பு ஞாபகம் வந்தது. யாரும் ஓடவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை. தான் அந்தப் பக்கம் வரவே இல்லை என்பதுபோல ஆளுக்கொரு கிளைக்குழாயில் நழுவினார்கள். அரை நிமிடத்தில் இடம் காலி.

வல்லியின் காலும் தானாகவே திரும்பியது. "என்னங்க, நேரமாகுது. நான் முன்னாடி போறேன்," என்றாள்.

"போம்மா," என்றார் தணிகாசலம். அவர் இடது முன்கையில் வண்டித் தகடு கிழித்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. அதைக்கூட அவள் பார்த்தாள். கட்டுப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நிலையத்தில் ஒரு மணி நேரம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. நாலாயிரம் உடம்புகளின் ஓட்டமும் சுவரில் பச்சைக் கோடுகளாக ஓடியது. பிறகு ஒரு கோடு மஞ்சளானது, அரை நிமிடத்தில் சிவந்தது. ஜெசிந்தா பெயரைப் படித்துவிட்டு வல்லியைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லு."

"நம்ம அண்ணன்தான் அக்கா. இடது முன்கை. மொத்த நாளோடியும் அங்கதான் நிக்குது."

மொத்தம் என்றால் மொத்தம். கால் சிரைகளில் முட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. இதயத்துக்கே இரத்தம் ஊட்டும் தமனிகளில் ஒன்றும் இல்லை. ஆறு கோடியும் வேலையைப் போட்டுவிட்டு முன்கைச் சிரை ஒன்றில் காயத்துக்குப் பக்கத்தில் குவிந்திருந்தன. பின்னால் வந்த இரத்தம் வழியில்லாமல் தேங்கியது. பயிர்க்கூடத்தில் அவர் கை வீங்கிக் கருநீலமாகி, மனிதர் தலைசுற்றி விழுந்துவிட்டாராம். மருத்துவர் கண்ணப்பன் அவர் பக்கத்தில் இருந்தார். குரல்வழியில் வந்தார்.

அவர் சொன்னதன் சுருக்கம் இதுதான். கை போனால்கூடச் சமாளிக்கலாம். பயமே வேறு. இரத்தம் தேங்கத் தேங்க அந்தக் குவியலின் மேல் அழுத்தம் ஏறுகிறது. ஒரு நொடியில் அது மொத்தமாகப் பெயர்ந்துகொண்டால் நிற்க இடமே கிடையாது. சிரையில் போகப்போக வழி அகலமாகிறது. முன்கையிலிருந்து தோள், தோளிலிருந்து மேற்பெருஞ்சிரை, அங்கிருந்து இதயத்தின் வலது பக்கம். இதயம் அதையும் இரத்தம் என்று நினைத்து நுரையீரலுக்கு ஒரே தள்ளாகத் தள்ளிவிடும். அங்கேதான் வழி மறுபடி குறுகுகிறது. அங்கே அடைத்தால் மூச்சு நின்றுவிடும். கத்தி வைக்கவும் அவருக்குப் பயம், தொட்டால் பெயரலாம். தோளில் இறுக்கிக் கட்டினால் தேக்கம் ஏறி இன்னும் வேகமாகப் பெயரும்.

"எவ்வளவு நேரம் இருக்கு டாக்டர்?"

"பத்து நிமிஷம்னு வெச்சுக்குங்க. அதுக்கு மேல நான் சொல்றதுக்கில்ல."

ஜெசிந்தாவின் விரல் கலைப்பு ஆணைக்குப் போயிருந்தது. எல்லா நாளோடிகளும் உடனே வேலைக்குத் திரும்புக என்னும் ஆணை. வல்லி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஆணை போட்டால் ஆறு கோடியும் ஒரே நேரத்தில் சுவரை விடும். முண்டியடித்துக்கொண்டு ஒரே வழியில், இதயத்தை நோக்கித்தான் பாயும். எது நடக்கக் கூடாதோ அதை நாமே நடத்திவைத்ததாகும்.

இருபத்திரண்டு ஆண்டுத் தாம்பத்தியம் அந்தச் சிவப்புக் கோட்டில் தொங்கியது. ஆனால் வல்லியின் மூளை நின்றுவிடவில்லை. இந்த எந்திரங்களின் ஒவ்வொரு அசைவும் தான் கற்றுக்கொடுத்தது, தான் கற்றுக்கொடுத்ததை மீறி அவை ஒன்றும் செய்யாது, செய்கிறது என்றால் தான்தான் எங்கேயோ கற்றுக்கொடுத்திருக்கிறோம். அவள் நம்பிக்கை அப்படிப்பட்டது. ஆகவே பதறுவதை விட்டுவிட்டுப் பார்க்க ஆரம்பித்தாள்.

"அதுங்க என்ன பார்க்குதோ அதை எனக்குக் காட்டு," என்றாள்.

சுவர் முழுக்க முன்கைச் சிரையின் உட்புறம் விரிந்தது. இளஞ்சிவப்புச் சுவரில் ஒரு கிழிசல். கிழிசலில், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் வேலை செய்துகொண்டிருந்தன. அவற்றுக்குக் கண் இல்லை, மூளை இல்லை, முழு அணு என்றுகூடச் சொல்ல முடியாத துணுக்குகள். ஒவ்வொன்றும் வந்த வேகத்தில் கிழிசலில் ஒட்டி, கால்களை நீட்டி, பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டது. நாரிழைகள் குறுக்கும் நெடுக்கும் பின்னிக்கொண்டிருந்தன. அவை பாட்டுக்குத் தைத்து முடிக்கும் கட்டத்துக்கு வந்திருந்தன.

அவற்றைச் சுற்றி, மதிப்பான இடைவெளி விட்டு, ஆறு கோடி நாளோடிகள் வரிசை வரிசையாக நின்றன. எல்லாவற்றின் கண்ணும் கிழிசலின் மேல். எல்லாவற்றிலும் பதிவுப்பொட்டு மின்னியது. ஒன்றுகூட அந்தக் கிழிசலைத் தொடவில்லை. முன்வரிசையில் இருந்த ஒன்று, பின்னால் இருப்பதற்கு மறைக்காமல் கொஞ்சம் ஒதுங்கி நின்றது.

வல்லிக்கு முகம் சுட்டது. அந்த ஒதுக்கம் யாருடையது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். ஒரு மணி நேரத்துக்கு முன்கூட இரண்டாம் வளைவில் அவள் கால் செய்தது அது. மோவாயில் இரண்டு நிமிடத் தாமதம் ஏன் என்பதும் அப்போதே விளங்கிவிட்டது. சவரக் கீறலைக்கூட இவை நின்று பார்த்துவிட்டுத்தான் போயிருக்கின்றன. இந்த மூன்று வாரமாக ஊரில் எத்தனை பேர் மோவாயில், எத்தனை பேர் விரல் நுனியில் இப்படிக் கூட்டம் கூடியதோ. காரணம் தெரியவில்லை என்ற வரியை அவளே தினமும் படித்துவிட்டு மூடிவைத்தாள். கீறல் சின்னதாக இருந்தவரை கலைந்துபோயின. இன்று பார்க்கப் பெரிதாக ஒன்று கிடைத்துவிட்டது.

"வேடிக்கை பாக்குதுங்க அக்கா," என்றாள் ஜெசிந்தா. "இதை எப்படிக் கலைக்கறது?"

"நம்மள எப்படிக் கலைப்பாங்களோ அப்படித்தான்," என்றாள் வல்லி.

ஒவ்வொரு உடம்பிலும் கையால் ஓட்டக்கூடிய மேற்பார்வை நாளோடி ஒன்று உண்டு. பழைய வகையில் ஓட்டுபவருக்காக மட்டும் ஒரு கண் பொருத்தியது, தானாக எதையும் வேடிக்கை பார்க்காது. அதன் நெற்றியில் நிறம் மாற்றும் விளக்கு இருக்கும். கொழுப்பைப் பார்க்க மஞ்சள், சுவரின் மெல்லிய கிழிசலைப் பார்க்க நீலம். தணிகாசலத்தின் மேற்பார்வை நாளோடி அப்போது அவருடைய வலது நுரையீரலில் இருந்தது. வல்லி இருக்கையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓட்டுபிடியில் கை வைத்தாள். எட்டு நிமிடம் மீதி.

நுரையீரலில் மூச்சுக்காற்றை வாங்கிச் சிவந்த இரத்தத்தோடு சேர்ந்து இதயத்தின் இடது பக்கத்துக்குள் இறங்கினாள். மேலறை, கதவு, கீழறை. இதயம் சுருங்கியது. பெருந்தமனிக்குள் தூக்கியெறிந்தது. வளைவின் உச்சியில் மூளைக்குப் போகும் கிளை இழுத்தது. அதில் சிக்காமல் அடுத்த கிளையில், இடது தோளுக்குத் திரும்பும் தமனியில், ஒதுங்கினாள். தமனிச் சுவர் ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்கி அவளை முன்னே தள்ளியது. முழங்கையில் வழி இரண்டாகப் பிரிந்தது. அதற்குமேல் வழி குறுகிக்கொண்டே போய் ஒற்றையடிச் சந்தானது. தந்துகி. சிவப்பணு ஒன்று முன்னால் உடம்பை மடித்துக்கொண்டு நகர, அதன் பின்னால் அவள் நகர்ந்தாள். அவசரப்பட்டு இடிக்கவில்லை. தான் கற்றுக்கொடுத்த நடைதானே.

தந்துகியின் மறுமுனையில் சிரை தொடங்கியது. துடிப்பு இல்லை. இரத்தம் கருஞ்சிவப்பாகத் தேங்கி நின்றது. சற்றுத் தொலைவில் கூட்டத்தின் முதுகு தெரிந்தது. அதன் முன்பக்க விளிம்பு ஒவ்வொரு மூச்சுக்கும் சுவரிலிருந்து பிய்ந்துவிடுவதுபோல அதிர்ந்தது. கண்ணப்பன் இன்னும் மூன்று நிமிடம்கூட இல்லை என்றார். நிதானமாகச் சொல்வதற்கு அவர் பட்ட பாடு குரலில் தெரிந்தது.

வல்லி விளக்கை நீலமாக்கினாள். சுழலவிட்டாள்.

கடைசி வரிசை திரும்பிப் பார்த்தது. ஒரு நொடி எதுவும் அசையவில்லை. பிறகு ஒன்று மெல்லச் சுவரை விட்டது, பக்கத்தில் இருந்த குட்டிச் சிரைக்குள் நுழைந்தது. இன்னொன்று வேறு பக்கம். அப்புறம் பத்து, ஆயிரம், லட்சம். முண்டியடிக்கவில்லை. ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. சிரைகள் தமனிகளைப் போல அல்ல, அவற்றுக்குள் குறுக்குச் சந்துகள் ஏராளம். ஆளுக்கொரு சந்தாக, அந்தப் பக்கம் வரவே இல்லை என்பதுபோல, ஆறு கோடியும் நழுவின. பதிவுப்பொட்டுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அரை நிமிடத்தில் சிரை காலி.

தட்டணுக்கள் மட்டும் அங்கேயே இருந்தன. நீல விளக்கு வந்ததும் அவற்றுக்குத் தெரியாது, போனதும் தெரியாது. கடைசி இழையைக் கட்டிக்கொண்டிருந்தன.

தேங்கிய இரத்தம் அசைந்து, நகர்ந்து, ஓடியது. சுவரில் கோடு மஞ்சளானது. பச்சையானது. ஜெசிந்தா கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். வல்லி அழவில்லை. ஓட்டுபிடியிலிருந்து விரல்களைப் பிரிக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள், கண்ணப்பன் குரல்வழியில் "கண்ணு முழிச்சுட்டார், பசிக்குதாம்" என்று சொன்ன பிறகுதான் எழுந்தாள்.

மருத்துவமனைப் படுக்கையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள், காலையில் தன் கால் திரும்பியதையும் மறைக்காமல். அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது. தணிகாசலம் கேட்டுக்கொண்டார். வண்டிக்காரப் பெண்ணின் கால் எலும்பு தப்பித்ததா என்று விசாரித்தார். தப்பித்தது என்று தெரிந்ததும் தூங்கிவிட்டார்.

விசாரணைக்குழு ஒரு வாரம் உட்கார்ந்தது. பழுது எந்திரத்தில் இல்லை, பாடத்தில் இருக்கிறது என்று வல்லியே முன்னால் நின்று சொன்னாள். பாடம் சொன்னவள் நான், திருத்துகிறவளும் நானாகவே இருப்பேன் என்றாள். வேறு பாடம் வேண்டும். விபத்தைக் கண்டால் நின்று பார்க்காத, நின்றால் கை கொடுக்கிற, நீல விளக்கு வந்தாலும் நகராத ஒரு மனிதரின் பதிவு. நாலாயிரத்துப் பதின்மூன்று பதிவுகளையும் சல்லடை போட்டுச் சலித்தார்கள். குழுவில் இருந்தவர்கள் தங்கள் சொந்தப் பதிவைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள் என்று அவசரமாகச் சொன்னார்கள். ஒன்றும் தேறவில்லை. கடைசியில் வல்லி, பழுது என்று தானே அழித்த ஏழில் ஒன்றை வீட்டில் இருந்த பழைய செருப்பிலிருந்து மீட்டு எடுத்துவந்தாள்.

அன்றுமுதல் கருங்குடியில் நாலாயிரம் பேர் இரத்தத்திலும் தணிகாசலம்தான் ஓடினார்.

நெரிசல் என்பதே ஒழிந்தது. காயம்பட்ட இடத்தில் நாளோடிகள் வந்த வேகத்தில் தட்டணுக்களோடு சேர்ந்து தைத்தன, முடிந்ததும் கிளம்பின. தேயத் தொடங்கிய கதவுகளைத் தேடிப்பிடித்துச் சரிசெய்தன. இரண்டு மாதமாக மாரடைப்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் காலை அறிக்கை மாறிப்போயிற்று. "இடது பாதம், நாலு நிமிடத் தாமதம். காரணம்: வழியில் உதவி. வலது காது, மூன்று நிமிடம். காரணம்: வழியில் உதவி." யாரோ ஒரு தேய்ந்த சிவப்பணு சந்துக்குள் நுழையத் திணறினால்கூட ஆறேழு நாளோடிகள் நின்று அதைத் தள்ளிவிட்டன. அதுவரை பாதம் லேசாக மரத்துப்போகும். உதறினால் சரியாகிவிடும்.

அதுதான் பொறுக்கவில்லை. ஒரு நாள் பிற்பகலில் குடியோர் சங்கத் தலைவர் உலகளந்தான் நிலையத்துக்கு வந்தார். அவருக்குப் பின்னால் நடைகுழாய் நிறைய ஜனம், இருநூறு பேருக்குக் குறையாது. அவர் கையில் மனு. புது நாளோடிகள் மகா மெதுவு, ஒவ்வொரு நாளும் கால் மரத்துப்போகிறது, பழைய வேகத்தைத் திரும்பத் தர வேண்டும். மூவாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. ஒரே நாளில் சேர்ந்ததாம். பெருமையாகச் சொன்னார்.

வல்லி மனுவை மேசையில் விரித்தாள். இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டாம் வளைவு விபத்தின் சாட்சித் தாளின் நகல். நாற்பது பேர் நின்று பார்த்த விபத்து. அதில் இரண்டே கையெழுத்து. ஒன்று தணிகாசலத்தினுடையது. இன்னொன்று அவளுடையது, ஒரு வாரம் தாமதமாகப் போட்டது. மூன்று தடவை போய் மூன்று தடவையும் போட்டது.

உலகளந்தான் அந்தத் தாளை ஏனோ பார்க்கவில்லை. எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டார்.

"மாத்தறதுக்கு என்ன, சட்டப்படி மாத்திடலாம்," என்றாள் வல்லி, சிரித்த முகமாக. "கால் மரத்துப்போனதை நேர்ல அனுபவிச்சவங்க சாட்சி சொல்லணும், அவ்வளவுதான். மூணு தடவை வந்தாப் போதும். ரவூஃப் அண்ணே, இப்பவே ஆரம்பிச்சிடலாமே."

கூட்டத்தை ஒழுங்குபடுத்த வந்து ஓரமாக நின்றிருந்த ரவூஃபுக்கு ஒன்றும் புரியவில்லை. கடமை என்று விளக்கைப் போட்டார். நடைகுழாயின் சுவரில் நீலம் சுழன்றது. ஏட்டைப் பிரித்துக்கொண்டு, "பேரைக் குடுங்க," என்றார்.

ஒருவர் மணி பார்த்தார். ஒருவருக்கு அடுப்பு ஞாபகம் வந்தது. உலகளந்தான் மனுவை எடுக்கலாமா வேண்டாமா என்று கையை நீட்டி, நீட்டிய கையாலேயே கழுத்தைச் சொறிந்துகொண்டு பின்வாங்கினார். யாரும் ஓடவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை. ஆளுக்கொரு கிளைக்குழாயில் நழுவினார்கள். ஜெசிந்தா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை நிமிடம்.

காலியான நடைகுழாயில், தொலைவில் ஒரே ஓர் ஆள் எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தார். கையில் வல்லியின் மதியச் சாப்பாட்டுத் தூக்கு. வழியில் எங்கெங்கே நின்றாரோ, ஒரு மணி நேரம் தாமதம். நீல விளக்கைக் கண்டதும் தணிகாசலம் நடையை எட்டிப் போட்டார்.

"என்ன வல்லி, யாருக்காவது அடிபட்டிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே, தூக்கைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைக்கையை மடித்தார்.